புரோட்டோன் வீரா காடியில பவர் ஸ்டியரிங் எண்ணெய் ஒழுகுதா, ரேக்க கழட்டுறதுக்கு முன்னாடி பவுடர் போடு

தம்பி, நீ கேட்டது இதான்: 99 மாடல் வீரா 1.5, செந்தூல் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல நிக்குது, காலையில ஸ்டியரிங்க திருப்புனா முனகுது, வாரம் ஒரு தடவ எண்ணெய் ஊத்த வேண்டியிருக்கு, தரையில கறைன்னு மேனேஜ்மென்ட்ல இருந்து லெட்டர் வேற வந்திருச்சு, போமன் (காடி மெக்கானிக்) அடியில படுத்து பாத்துட்டு ரேக் போச்சு (ஸ்டியரிங்க திருப்புறப்ப முன் டயர தள்ளுற தண்டு இருக்குற பாகம்), ரீகொண்ட், அதாவது பழச புதுப்பிச்ச ரேக் போடணும், கூலியோட 700 வெள்ளின்னு (ரிங்கிட்) சொல்லிட்டாரு, போடலாமா வேணாமா.

இப்ப போடாத. ரேக் போகலன்னு நான் சொல்ல வரல, போயும் இருக்கலாம், 25 வருஷ காடி. ஆனா அடியில படுத்து எங்க சொட்டுதுன்னு பாக்குறது வேற, எங்க இருந்து கெளம்புதுன்னு பாக்குறது வேற. எண்ணெய் மேல எங்கயோ கசிஞ்சு, பைப்ப புடிச்சிக்கிட்டு வழிஞ்சு, கடைசியில இருக்குறதுலயே தாழ்வான எடத்துல வந்து தொங்கும். வீரா மாதிரி காடியில தாழ்வா இருக்குறது பெரும்பாலும் ரேக்தான். அதனால பழி எப்பவும் ரேக் மேல விழுது.

நான் போமன் இல்ல, ஷா ஆலம்ல ஒரு பேக்டரியில ஹைட்ராலிக் மெஷின் பாக்குற வேலை, 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, எண்ணெய் ஒழுகுறத தேடுறதுதான் பாதி சம்பளம். அப்படி இருந்தும் என் சொந்த காடியில நானே ஏமாந்தேன். என்னோடது 97 வீரா. 2011 தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி பத்துமலை பக்கம் ஊர்ந்துகிட்டு இருக்கோம், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு அடி, இடமும் வலமும் ஸ்டியரிங்க ஒடிச்சு ஒடிச்சு சந்துல நொழைக்க பாக்குறேன், பின்னால உக்காந்திருந்த எங்கம்மா "எவளோ தாளிப்ப தீச்சுட்டா"ன்னு சொல்றாங்க. தாளிப்பு இல்ல, போனட்டுக்குள்ள எண்ணெய் சொட்டி எக்ஸாஸ்ட் மேல விழுந்து புகையுது. ஓரம் கட்டி ஆற விட்டு வீடு வந்து சேந்தோம். மறு வாரம் ஒரு போமன்கிட்ட விட்டேன், பேரு வேணாம், மனுஷன் நல்லவருதான், அவசரக்காரரு. படுத்து பாத்தாரு, ரேக் முனையில இருக்குற ரப்பர் பூட் மேல எண்ணெய் தொங்குது, ரேக்னு சொன்னாரு, நானும் சரின்னுட்டேன். ரேக் மாத்தி, அலைன்மென்ட் பண்ணி, 600 சொச்சம் போச்சு. மூணே வாரம். அதே எடத்துல அதே சொட்டு.

அப்பறம்தான் புத்தி வந்து பேக்டரியில செய்யிற மாதிரி செஞ்சேன். எல்லாத்தையும் கழுவி காய வச்சு, பையன ஸ்டியரிங்ல உக்கார வச்சு, நான் டார்ச் புடிச்சு மேல இருந்து பாத்தேன். பம்ப்புல இருந்து ரேக்குக்கு போற பிரஷர் ஹோஸ் இருக்கு இல்லயா, அதுல ரப்பரும் இரும்பு பைப்பும் சேர்ற எடத்துல நசுக்கி வச்ச ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்துக்கும் ரப்பருக்கும் நடுவுல மாதுளம் முத்து மாதிரி செவப்பா ஒண்ணு. பையன் ஒடிக்கிறப்ப பெருசாகுது, நேரா விட்டா அப்படியே நிக்குது, திரும்ப ஒடிச்சா ஒடஞ்சு பைப் மேல வழியுது. வழிஞ்சது பைப்போட அடிப்பக்கமா ஊர்ந்து போயி, ஒரு கிளாம்ப்ப தாண்டி, நேரா போயி ரேக் பூட் மேல உக்காருது. புது ரேக் பாவம், ஒரு தப்பும் பண்ணல. பழைய ரேக்கும் பண்ணியிருக்காது.

சரி, இது எப்படி வேல செய்யுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சா நீயே பாதி கண்டுபிடிச்சிருவ. என்ஜின் ஓடுனா பெல்ட்டு பம்ப்ப சுத்திக்கிட்டே இருக்கும், நீ திருப்புனாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி. நேரா போறப்ப எண்ணெய் சும்மா ஒரு சுத்து சுத்தி, நீ எண்ணெய் ஊத்துற டப்பாவுக்கே திரும்பி வந்துரும், பிரஷர் பெருசா இருக்காது. நீ ஸ்டியரிங்க திருப்புறப்ப உள்ள ஒரு கம்பி லேசா முறுக்கிக்கும், அது ஒரு வால்வ தொறக்கும், எண்ணெய் ரேக்குக்குள்ள இருக்குற பிஸ்டனோட ஒரு பக்கத்துக்கு போயி தள்ளும், அதான் லேசா இருக்கு. கடைசி வரைக்கும் ஒடிச்சு புடிச்சிக்கிட்டே இருந்தா போக எடம் இல்லாம பிரஷர் உச்சத்துக்கு போகும், 1,000 பிஎஸ்ஐக்கு மேல, டயர்ல நீ அடிக்கிற காத்து 30 சொச்சம் பிஎஸ்ஐ, அத வச்சு கணக்கு பாத்துக்க. அதுக்கு மேல ஏறக்கூடாதுன்னு பம்ப்புல ஒரு ரிலீஃப் வால்வு இருக்கு, அது தொறக்குறப்பதான் கடைசி ஒடிப்புல அந்த "ஈஈஈ"ன்னு சத்தம். அந்த நெலமையில 5 செகண்டுக்கு மேல புடிச்சிக்கிட்டு இருக்காத, எண்ணெய் கொதிச்சு பம்ப்பும் சீலும் சேந்து போகும். பார்க்கிங்ல ஒடிச்சு முடிச்சிட்டா ஒரு விரல் அளவு திருப்பி விட்டுரு.

இதுல இருந்து என்ன தெரியுதுன்னா, ஒழுகுற நேரத்த வச்சே எந்த பக்கம்னு ஒரு அளவுக்கு சொல்லிரலாம். டப்பாவுல இருந்து பம்ப்புக்கு எண்ணெய் எறங்குற ஹோஸ் உறிஞ்சுற பக்கம், அதுல பிரஷரே கிடையாது, வெடிப்பு இருந்தா என்ஜின் ஓடுறப்ப எண்ணெய் வெளிய வராது, காத்து உள்ள போகும், எண்ணெய் நொர பொங்கும், பம்ப் முனகும். என்ஜின நிறுத்துனப்பறம் தன் பாரத்துலயே இரா முழுக்க சொட்டும். நீ சொல்ற காலை முனகல், பார்க்கிங் கறை, ரெண்டையும் சேத்து பாத்தா எனக்கு முதல் சந்தேகம் அங்கதான். அதுவே ஓடுறப்பயும் ஒடிக்கிறப்பயும் மட்டும் ஒழுகுது, நிக்கிறப்ப காஞ்சிருக்குன்னா பிரஷர் பக்கம்.

முதல்ல அது பவர் ஸ்டியரிங் எண்ணெய்தானான்னு உறுதி பண்ணிக்க. ராத்திரி அடியில ஒரு வெள்ள அட்டைய போட்டு வை, பழைய மெகி பெட்டிய பிரிச்சு போட்டாலும் போதும். வீராவுக்கு ஊத்துறது ஏடிஎஃப், அதாவது ஆட்டோ கியர் எண்ணெய், புதுசுல செவப்பா இருக்கும், பழசானா தேத்தண்ணி கலர், ரொம்ப பழசு கோப்பி-ஓ. என்ஜின் எண்ணெய் கருப்பு, கூலன்ட் பச்சையோ ரோஸோ, கைல தொட்டா பிசுபிசுன்னு இனிப்பு வாடை. வெறும் தண்ணின்னா ஏர்கொண்ட், அதுக்கு யாரும் 700 வெள்ளி கேக்கப்போறதில்ல. உன்னோடது ஆட்டோ கியர் காடியா இருந்தா இன்னொரு விஷயம், கியர்பாக்ஸ்லயும் அதே செவப்பு எண்ணெய்தான், அதனால ரெண்டு லெவலையும் பாரு, எது கொறையுதோ அதான்.

அடுத்தது கழுவுறது. இதுதான் எல்லாரும் சோம்பேறித்தனம் பண்ற எடம், இதுதான் மொத்த வேலையோட உசுரு. என்ஜின் நல்லா ஆறுனப்பறம் டிக்ரீஸர் அடி, இல்லாட்டி மண்ணெண்ணெயும் பழைய பல்லு பிரஷும் போதும், பம்ப், டப்பா, எல்லா ஹோஸ், ரேக்கோட மேல்பக்கம், வெரலு போற எடம் எல்லாம். ஆல்டர்னேட்டர் மேல படாம ஒரு பிளாஸ்டிக் பைய சுத்திக்க. பெல்ட்டு மேல எண்ணெய் பட்டிருந்தா பிரேக் கிளீனர துணியில நனைச்சு தொடை, நேரா அடிக்காத. நல்லா காய விடு. அப்பறம் கொழந்தைங்களுக்கு போடுற பவுடர் ஒரு டப்பா, 5 வெள்ளிக்கு கெடைக்கும், சந்தேகம் இருக்குற ஜாயின்ட் எல்லாத்துலயும் தூவு. காஞ்ச பவுடர் வெள்ளையா இருக்கும், எண்ணெய் பட்ட எடம் மட்டும் செவந்து ஈரமாயி தனியா தெரியும். ஒரு பைசா மெஷின் வேணாம்.

முதல் ராத்திரி என்ஜின ஸ்டார்ட்டே பண்ணாம அப்படியே விட்டு காலையில பாரு. டப்பா அடி, கீழ் ஹோஸ், எண்ணெய் டப்பாவுக்கு திரும்பி வர்ற ரிட்டர்ன் ஹோஸ் கிளிப்பு, இங்க செவந்திருந்தா பெரும்பாலும் அதான் ஆளு. ஒண்ணும் இல்லன்னா ரெண்டாவது கட்டம், ஒருத்தர ஸ்டியரிங்ல உக்கார வச்சு என்ஜின ஓட விட்டு மெதுவா ரெண்டு பக்கமும் ஒடிக்க சொல்லு, நீ மேல இருந்து டார்ச் அடிச்சு பாரு. ஹேண்ட் பிரேக் இழுத்து, கியர் நியூட்ரல்ல, ஆட்டோன்னா பார்க்ல. உன் சட்ட கையும் சுத்துற பெல்ட்டும் தூரமா இருக்கட்டும்.

ஒரு விஷயத்த கத்தியே சொல்றேன், தம்பி. என்ஜின் ஓடுறப்ப எங்க கசியுதுன்னு விரல வச்சு தடவி பாக்காத. அந்த பிரஷர்ல ஊசித்தொளை அளவு ஓட்ட இருந்தா எண்ணெய் கண்ணுக்கு தெரியாத கம்பி மாதிரி வரும், தோல குத்தி உள்ள போயிரும். எங்க வேலையில முதல் நாள் சொல்லி குடுக்குறதே இதான். முள்ளு குத்துன மாதிரிதான் இருக்கும், வலி கூட முதல்ல பெருசா இருக்காது, சில மணி நேரத்துல கை வீங்கி நெலம மோசமாகும், விரலயே எடுக்க வேண்டி வரலாம். அப்படி ஆச்சுன்னா பனடோல போட்டுட்டு படுக்குற விஷயம் இல்ல, நேரா எமர்ஜென்சிக்கு போயி ஹைட்ராலிக் எண்ணெய் உள்ள போயிருச்சுன்னு வாய தொறந்து சொல்லணும். தேடணும்னா ஒரு அட்டைய நீட்டி பாரு, கைய இல்ல.

இப்ப நிஜமா ரேக்தானான்னு பாக்குறதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு, உன் போமன் இத செஞ்சாரான்னு கேளு. ரேக்கோட ரெண்டு முனையிலயும் அக்கார்டியன் மாதிரி ரப்பர் பூட் இருக்கும், அதோட வெளிப்பக்க சின்ன கிளிப்ப கழட்டி, பூட்ட பின்னால தள்ளி உள்ள பாரு. ரேக்கோட முனை சீல் போயிருந்தா உள்ள எண்ணெய் தேங்கி இருக்கும், பூட்ட அமுக்குனாலே கொளக்கொளன்னு இருக்கும், கழட்டுனா ஊத்தும். வெளிய ஈரம், உள்ள வெறும் கிரீஸ் மட்டும்தான்னா முனை சீல் நல்லாத்தான் இருக்கு, எண்ணெய் மேல இருந்து வருது. என் பழைய ரேக்குக்கு இத யாரும் பாக்கல, நானும் பாக்கல. இன்னொன்னு, ஸ்டியரிங் ராடு ரேக்குக்குள்ள எறங்குற எடத்துல ஒரு சீல் இருக்கு, அது போனா ரேக்கோட மேல்பக்கமே நனைஞ்சிருக்கும். அப்பறம் ரேக் ஒடம்புலயே ஒட்டிக்கிட்டு ரெண்டு ஒல்லி இரும்பு பைப்பு போகும், அதோட நட்டு லூசா இருந்தாலும் ரேக் ஒழுகுற மாதிரியே தெரியும்.

சரி, எடம் கெடைச்சிருச்சுன்னு வச்சுக்குவோம்.

உறிஞ்சுற ஹோஸ், ரிட்டர்ன் ஹோஸ்னா அதிர்ஷ்டம், நீயே மாத்தலாம், சாமான் 20, 30 வெள்ளிக்குள்ள முடியும். 25 வருஷம் என்ஜின் சூட்டுல வெந்த ரப்பர், வளைச்சு பாத்தா முனையில பொடிப்பொடியா வெடிச்சிருக்கும், அமுக்குனா பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா இருக்கும். கிளிப்ப மட்டும் இறுக்கி சமாளிக்க பாக்காத, கெட்டியான ரப்பர இறுக்குனா இன்னும் வெடிக்கும். முனையில உசுரு இருந்து, நீளமும் மிச்சம் இருந்தா ஒரு இஞ்ச் வெட்டிட்டு திரும்ப மாட்டலாம், அது தற்காலிகம்தான். புதுசு வாங்குறப்ப பழைய துண்ட கையோட எடுத்துக்கிட்டு போ, உள் அளவு சரியா இருக்கணும். முக்கியமா, எண்ணெய் தாங்குற ஹோஸ்னு கேட்டு வாங்கு. ரேடியேட்டர் தண்ணி ஹோஸ கட் பண்ணி மாட்டி விடுறவங்க இருக்காங்க, அந்த ரப்பர் தண்ணிக்கு செஞ்சது, எண்ணெய் பட்டா ஊறி ஜெல்லி மாதிரி ஆயிரும். கெப்போங் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட் கடையில என்கிட்டயே அத நீட்டுனாங்க, சைஸ் ஒண்ணுதான் அண்ணேன்னு. சைஸ் ஒண்ணுதான், சாதி வேற.

டப்பாவ பத்தியும் ஒரு வார்த்தை. மூடியோட ரப்பர் போனா வளைவுல எல்லாம் தெறிக்கும், லெவல் கோட்டுக்கு மேல ஊத்தி வச்சாலும் சூடானப்பறம் அதுவே வெளிய தள்ளும், நிறைய பேரு ஒழுகுதுன்னு பயந்து நெறைய ஊத்தி அதுவே ஒழுகிட்டு இருக்கும். டப்பாவுக்கு அடியில ஒரு வலை பில்டர் இருந்தா அழுக்கு அடைச்சு பம்ப்புக்கு எண்ணெய் போகாம முனகும், கழட்டி கழுவி மாட்டு.

பிரஷர் ஹோஸ்னா ரெண்டு வழி. புது ஹோஸ் கெடைச்சா வாங்கிரு. கெடைக்கலன்னா ஹைட்ராலிக் ஹோஸ் அடிக்கிற கடைக்கு கொண்டு போ, லோரி, எஸ்கவேட்டர் ஹோஸ் எல்லாம் செய்யிற கடை, சான் சோ லின் மாதிரி பட்டறைங்க நெறைஞ்ச பக்கம் விசாரிச்சா காட்டி விடுவாங்க. ரெண்டு முனை இரும்பு பைப்பையும் வச்சுக்கிட்டு நடுவுல ரப்பர மட்டும் புதுசா போட்டு நசுக்கி குடுப்பாங்க. எனக்கு அப்ப 90 வெள்ளி ஆச்சு, இன்னிக்கு கூட இருக்கும். பவர் ஸ்டியரிங்குக்குன்னு வாய் விட்டு சொல்லு, பிரஷரும் சூடும் ரெண்டும் தாங்குற ஹோஸ் வேணும். கழட்டுறதுக்கு முன்னாடி கைபேசில போட்டோ எடுத்துக்க, எந்த கோணத்துல முனை திரும்பி இருக்குன்னு, கொஞ்சம் முறுக்கிக்கிட்டு வந்தாலும் எக்ஸாஸ்ட்ட உரசும், ஆறு மாசத்துல திரும்ப அதே கத. ஒண்ண மட்டும் செய்யாத: ரப்பர் துண்ட போட்டு சாதா கிளிப்பால இறுக்குறது. ரிட்டர்ன் பக்கம் ஓகே, பிரஷர் பக்கம் அது முதல் யூ-டர்ன்லயே புடுங்கிக்கிட்டு போகும்.

பம்ப்புல ஹோஸ் சேர்ற எடத்துல நடுவுல ஓட்ட இருக்குற போல்ட்டு ஒண்ணு, மேலயும் கீழயும் வாஷர். அந்த வாஷர் ஒரு தடவ நசுங்குனா முடிஞ்சுது, திரும்ப மாட்டுனா கசியும். ரெண்டு வாஷர் ரெண்டு மூணு வெள்ளி, அத மிச்சம் புடிக்க போயி மூணு தடவ கழட்டி மாட்டுன ஆள எனக்கு தெரியும், தெனமும் கண்ணாடியில பாக்குறேன். எம்பிஐ என்ஜின்னா (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்ஷன் இருக்குறது) பம்ப்புல ஒரு வயரோட சின்ன பிரஷர் சுவிட்ச் இருக்கும், ஒடிக்கிறப்ப என்ஜின் செத்துராம, சும்மா நிக்கிறப்ப ஓடுற வேகத்த (ஐடில்) ஏத்தி விடுறதுக்கு. பழசானா அது வழியாவே, வயர் சொருகுற ஓட்டையிலயே எண்ணெய் வரும். சொருகிய கழட்டி பாரு, உள்ள செவப்பா இருந்தா சுவிட்ச மாத்து.

பம்ப் முன் சீல்னா புல்லிக்கு பின்னால இருந்து வரும், பெல்ட்டு எண்ணெய வாரி எல்லா பக்கமும் தெறிச்சு விட்டிருக்கும், போனட் உள்பக்கம் கோடு கோடா அடிச்சிருந்தா இதான் அடையாளம். சீல் விலை ஒண்ணுமே இல்ல. ஆனா கழட்டுறப்ப ஷாஃப்ட்ட நகத்தால தடவி பாரு, சீல் உக்கார்ற எடத்துல பள்ளம் விழுந்திருந்தா, இல்ல புல்லிய ஆட்டுனா ஆடுச்சுன்னா புது சீலும் நிக்காது, ஹாஃப்கட் கடையில, அதாவது பழைய காடிய வெட்டி சாமான் விக்கிற எடத்துல, நல்ல பம்ப் பாத்துரு. ஹாஃப்கட்ல வாங்குறப்ப கையால சுத்தி பாரு, கரகரன்னு இருந்தா வச்சுட்டு வந்துரு.

எல்லாம் பாத்தும் ரேக்தான்னா, அப்ப மனசு ஆறி போடலாம். சீல் கிட் மட்டும் போட்டு தரேன்னு சொல்ற போமன் கிட்ட ஒண்ணு கேளு, உள்ள இருக்குற தண்டு துரு புடிச்சிருந்தா என்ன பண்ணுவீங்கன்னு. பூட் கிழிஞ்சு தண்ணி போயி தண்டுல துருப்புள்ளி வந்திருந்தா அது அரம் மாதிரி புது சீல ராவிரும். தண்டு பளபளன்னு இருந்தா கிட் போதும், இல்லன்னா ரீகொண்ட். ரேக் கழட்டி மாட்டுனா டோ அலைன்மென்ட், அதாவது முன் டயர் ரெண்டும் நேரா இருக்கான்னு சரி பண்றது, கட்டாயம், இல்லாட்டி ரெண்டு மாசத்துல டயர தின்னுரும். வேற காடி வச்சிருக்குறவங்களுக்கு, ஏர்பேக் இருந்தா ரேக்க பிரிக்கிறப்ப ஸ்டியரிங்க நேரா வச்சு கட்டிரணும், தன்னால சுத்த விட்டா உள்ள இருக்குற வயர் சுருள் அறுந்துரும், அது தனி செலவு.

எத மாத்துனாலும் கடைசியில காத்து எடுக்கணும், இதுல அவசரப்பட்டா புது பம்ப்பும் முனகும், அப்பறம் சாமான் சரியில்லன்னு கடைக்காரர்கிட்ட போயி சண்ட. முன் டயர் ரெண்டையும் ஜேக்ல தூக்கி ஸ்டாண்டு வை, வெறும் ஜேக்க நம்பி நிக்காத. என்ஜின ஆஃப்ல வச்சுக்கிட்டே ஸ்டியரிங்க மெதுவா இந்த கடைசியில இருந்து அந்த கடைசிக்கு 15, 20 தடவ திருப்பு, டப்பாவுல கொமிழி வரும், லெவல் எறங்கும், ஊத்திக்கிட்டே இரு. கொமிழி நின்னப்பறம் என்ஜின ஸ்டார்ட் பண்ணி மெதுவா அஞ்சாறு தடவ, கடைசியில புடிச்சு வைக்காம. எண்ணெய் பால் தேத்தண்ணி மாதிரி மங்கலா, நொரயா இருந்தா என்ஜின நிறுத்திட்டு ஒரு மணி நேரம் அப்படியே விட்டுட்டு, வீட்டுல போயி பசியாறிட்டு வா, காத்து தன்னால மேல வந்துரும், திரும்ப செய்யி. அப்படியும் நொர நிக்கலன்னா உறிஞ்சுற பக்கம் இன்னும் எங்கயோ காத்து இழுக்குது.

எண்ணெய், வீராவுக்கு டெக்ஸ்ரான் 2 இல்லன்னா டெக்ஸ்ரான் 3 ஏடிஎஃப், ரெண்டு லிட்டர் வாங்கு, ஒண்ணு கழுவுறதுக்கு, ஒண்ணு நிரப்புறதுக்கு. டொயோட்டா பழைய மாடலும் ஏடிஎஃப்தான், ஆனா ஹோண்டாவுக்கு அதுக்குன்னு தனி எண்ணெய், சில ஐரோப்பா காடிக்கு பச்ச எண்ணெய், கலக்கவே கூடாது, மூடியில என்ன எழுதியிருக்கோ அதான் வேதவாக்கு. பிரேக் எண்ணெய் டப்பாவும் அதே போனட்டுக்குள்ளதான் இருக்கு, தூக்க கலக்கத்துல மாத்தி ஊத்திராத. பிரேக் எண்ணெய் பவர் ஸ்டியரிங்ல போனா சீலெல்லாம் ஊறி கெட்டுரும், ஏடிஎஃப் பிரேக்ல போனா பிரேக் ரப்பர் ஊதிக்கிட்டு பிரேக்கே போகும், அது உசுரு விஷயம்.

ஒழுகல நிறுத்துற மருந்து பாட்டில் கடையில கண்ணு முன்னாலயே தொங்கும், அத பத்தி கேப்ப. கெட்டியான ரப்பர் சீல கொஞ்சம் ஊற வச்சு மெத்துன்னு ஆக்கும், அவ்ளோதான். சீல்ல இருந்து லேசான கசிவுன்னா சில மாசம் தள்ளலாம். வெடிச்ச ஹோஸுக்கும் நசுங்குன வாஷருக்கும் அது விபூதி அடிக்கிற மாதிரிதான். உன் விஷயத்துல எங்க ஒழுகுதுன்னே தெரியாம அத ஊத்துனா தடயமும் அழிஞ்சிரும்.

அதுவரைக்கும் ஓட்டலாமான்னா, தெனமும் காலையில லெவல் பாத்து ஊத்திக்கிட்டு பக்கத்துல ஓட்டலாம். எண்ணெய் இல்லாமலும் ஸ்டியரிங் திரும்பும், மாவு ஆட்டுற மாதிரி கனமா இருக்கும், ஆனா காஞ்ச பம்ப் சீக்கிரம் சாவும், 20 வெள்ளி ஹோஸ் வேலை பம்ப் வேலையா மாறும். புகை வாடை வந்தா மட்டும் ஓட்டாத, எக்ஸாஸ்ட் மேல விழுற எண்ணெய் புடிச்சுக்கிட்டா எரியும். கெந்திங் ஏத்தம், காராக் ஹைவே மாதிரி மலை ரோடு எல்லாம் இப்ப வேணாம்.

வடிச்ச எண்ணெய லோங்காங்ல, அதான் சாக்கடையில, ஊத்திராத, மேனேஜ்மென்ட் லெட்டர் எல்லாம் அதுக்கு முன்னால சும்மா. 2005-ல வந்த ஷெட்யூல்ட் வேஸ்ட் சட்டத்துல ஓட்டுன ஹைட்ராலிக் எண்ணெய்க்குன்னே எஸ்டபிள்யூ 306-ன்னு ஒரு நம்பர் போட்டு வச்சிருக்காங்க, எங்க பேக்டரியில அதுக்கு தனி டிரம்மு, தனி ரெஜிஸ்டர். நீ ஒரு மினரல் வாட்டர் போத்தல்ல ஊத்தி மூடி போமன்கிட்ட குடு, அவங்க என்ஜின் எண்ணெயோட சேத்து வாங்குற ஆள் கிட்ட குடுத்துருவாங்க.

பார்க்கிங் தரையில இருக்குற கறைக்கு, பூனை மணல் இல்லன்னா மரத்தூள் தூவி ஒரு இரா விட்டு கூட்டு, அப்பறம் சட்டி கழுவுற சோப்பு போட்டு தேய், முக்கால்வாசி போயிரும்.

நாளைக்கு சனிக்கெழம, உனக்கு வேல இருக்காதுன்னு நெனைக்கிறேன். இன்னிக்கு ராத்திரியே கழுவி, பவுடர் தூவி, அட்டைய போட்டு, சாவிய தொடாம விட்டுரு. காலையில எந்த எடம் செவந்துச்சு, ரேக்கோட ரப்பர் பூட்டுக்குள்ள என்ன இருந்துச்சு, இந்த ரெண்டையும் எழுது, ரேக்க பத்தி அதுக்கப்பறம் பேசலாம்.